மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில், கடைசி பெஞ்சில் ஒருவன் மிஸ்ஸின் செருப்பைப் பற்றித் தமிழில் ஏதோ சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸான யாழினி சிரிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் அங்கே ஏற்பாடு. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, விஷயம் இப்போதுதான் புரிந்த மாதிரி, ஒரே ஒரு ஆள் மட்டும் தாமதமாகச் சிரிப்பது கேட்டது. அது பெஞ்சுகள் இருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் கரும்பலகையும் அது மாட்டியிருந்த சுவரும்தான் இருந்தன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வெறும் பழக்கம். தமிழில் எது காதில் விழுந்தாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்பதுதான் இந்த முகாமில் அவளுடைய வேலை. பிள்ளைகள்தான் ஒரு மாதிரி ஆனார்கள். அத்தனை பேரும் அவளுடைய இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்தார்கள். பிறகு முன் பெஞ்சிலிருந்த உஷாராணி என்ற பெண் அவசரமாக எழுந்து, "மிஸ், ப்ளீஸ், லெசன் மிஸ்," என்றாள்.

யாழினி ராசிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அப்பாவுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். வீட்டில் தமிழ்தான், அதுவும் அம்மாவின் ராசிபுரத் தமிழ். படிப்பு முடிந்ததும், ஏதாவது ஒரு வெளிநாட்டில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கோடை முகாமில் ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டு வேலைக்கு எழுதிப்போட்டாள். கிரீஸ் வரும், போர்ச்சுகல் வரும் என்று படமெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். வந்தது நாமக்கல். பிறந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரைத் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற இடம், அவளுக்கு வெளிநாடாக அமைந்தது. அம்மா போனில் நெடுநேரம் சிரித்தாள்.

விடுமுறைக்கு மூடிக்கிடந்த ஒரு உறைவிடப் பள்ளியில் முகாம் நடந்தது. ஒரு பக்கம் கோழிப்பண்ணை, இன்னொரு பக்கம் கிழங்கு மாவு ஆலை. இரண்டின் வாடையும் கலந்து, புளித்த கஞ்சியைத் தீயவிட்ட மாதிரி, சாப்பாட்டிலும் தலையணையிலும் ஏறியிருந்தது. வெயிலோ வெள்ளை வெளேரென்று மைதானத்தில் படுத்துக்கிடந்தது. சேலம் போகும் லாரிகள் தூரத்தில் கியர் மாற்றும் சத்தத்தைத் தவிர மதியங்களில் வேறு சத்தமே இருக்காது.

முகாமை நடத்திய தீனதயாளன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்த அன்றே அவளை அலுவலக அறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்கம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியும்னு ஒரு பையனுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அப்புறம் ஒருத்தனும் இங்கிலீஷ்ல வாயத் தொறக்க மாட்டான். உங்களப் பிஜித் தீவுக்காரங்கன்னு சொல்லிடறேன். அங்க போன நம்மாளுங்க பேரப் பிள்ளைங்களுக்குத் தமிழ் வராதுங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"கஷ்டமா இருக்குமே சார்."

"ரெண்டு நாளைக்குத்தான். அப்புறம் பழகிப்போயிரும்."

பழகித்தான் போனது. சமையல் செய்யும் முத்தாயம்மாள், காது கேளாதவர்களிடம் பேசுவது போலச் சத்தமாக, "சோறு, சாமி, சோறு, போடட்டுமா?" என்று கரண்டியை ஆட்டிக் கேட்பாள். யாழினி அசட்டுப் புன்னகையோடு தட்டை நீட்டுவாள். பிள்ளைகள் அவள் முன்னாலேயே அவள் மூக்கைப் பற்றிப் பேசினார்கள், அவள் முன்னாலேயே வீட்டை நினைத்து அழுதார்கள். எதற்கும் முகம் மாறக்கூடாது. முகத்தைக் கட்டிக்கட்டி, ஒரு கட்டத்தில் உள்ளேயும் ஏதோ கட்டிக்கொண்டது. ஒரு பெண் அழுதால் முன்பெல்லாம் தொண்டை அடைக்கும். இப்போது அடைக்கவில்லை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, தன் மனசைத் தொட்டுப் பார்த்தாள். தொடுவது தெரிந்தது, அவ்வளவுதான். இது நல்லதில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பும் யாருடையதோ போல இருந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு வகுப்பில் தமிழ் குறையத் தொடங்கியது. ஓரிரு நாளில் அடியோடு நின்றுபோனது. தப்பும் தவறுமாக, வினைச்சொல்லை விழுங்கிக்கொண்டு, ஆனால் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். சாப்பாட்டு வரிசையில், குழாயடியில், ஒருவருக்கொருவர் சண்டை போடும்போதுகூட ஆங்கிலம். தீனதயாளனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு கேம்ப் பாத்ததில்லம்மா. தூக்கத்துல உளர்றதுகூட இங்கிலீஷ்லதான் உளறுதுங்களாம். வார்டன் சொல்றாரு."

யாழினி தலையாட்டினாள். அவளுக்கு அது சந்தோஷமாகவும் இல்லை, விநோதமாகவும் இல்லை. வகுப்பில் யாரும் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது மட்டும் உறுத்தியது. எல்லோர் பார்வையும் தோளுக்கு மேலே, சற்றே உயரமாக யாரோ நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே இருந்தது.

பிறகு உஷாராணி வீட்டுக்குப் போய்விட்டாள். குரல் போய்விட்டதாம். சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். "வெயிலுங்க, பானைத் தண்ணிய விட்டுட்டு ஐஸ் தண்ணியா குடிச்சா வேற என்ன ஆகும்," என்றார் தீனதயாளன். அன்று மதியம் யாழினி பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்கழுத்துக்குப் பக்கத்தில் உஷாராணியின் குரல், "இவங்களுக்கு நெசமாலுமே புரியாதுங்களா?" என்று கேட்டது. ஊருக்குப் போகவில்லையா இந்தப் பெண் என்று நினைத்தபடி யாழினி எழுதி முடித்தாள். திரும்பியபோது உஷாராணியின் இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குழாயடிக்கு அபிநயா வந்தாள். சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி டிரைவரின் மகள், பதினான்கு வயதிருக்கும். வகுப்பிலேயே ஆங்கிலம் வராதவள் அவள்தான். யாழினியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டே பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது, சந்தையில் தக்காளி விலை சொல்வது போல.

"மிஸ், உங்களுக்குப் புரியாதுன்னுதான் சொல்றேனுங்க. யார்கிட்டயாச்சும் சொல்லோணும். அது உங்க பின்னாடியேதான் நிக்குதுங்க."

யாழினி சோப்பைத் தேய்த்தாள்.

"எங்க எல்லார்கிட்டயும் பேசுதுங்க. 'எங்கூட வாரியா சாமி'ன்னு கேக்கும். எங்கூட்டு அம்மா மாதிரியே கேக்கும். அது கேட்டு நாம தமிழ்ல பதில் சொன்னா நம்ம குரல் அதுக்குப் போயிருமுங்க. உஷா, 'யாரு'ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. இப்ப உஷா குரல்லதான் பேசுது."

ஆலைச் சங்கு ஊதியது. அபிநயா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சும்மா இருந்தா கிட்ட கிட்ட வருதுங்க. இங்கிலீஷ்ல ஏதாச்சும் சொன்னா நின்னுக்குது. அதுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. எனக்கு 'தேங்க் யூ'வும் 'குட் மார்னிங்'கும்தான் வருது. அதையே சொல்லிச் சொல்லி அதுக்குப் பழகிப்போச்சு. நேத்துத் 'தேங்க் யூ'ன்னேன், திருப்பிச் சொல்லிப் பாக்குது." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "'நான் வரமாட்டேன்'னு இங்கிலீஷ்ல எப்படிங்க சொல்றது? நீளமா ஒண்ணு தெரிஞ்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். ஊட்டுக்குப் போற வரைக்கும் ஓட்டிருவேன். மத்ததுங்கள்லாம் தெரிஞ்ச இங்கிலீஷ் பாட்ட ஆளுக்கொண்ணாப் பாடித் தப்பிச்சுக்குதுங்க, எங்கிட்டச் சொல்லித்தர மாட்டீங்குதுங்க. உங்ககிட்டக் கேக்கலாம்னா, இங்கிலீஷ்ல கேக்கோணுமுல்லங்க."

அவள் யாழினியின் முகத்தைப் பார்த்தாள். பதில் வராது என்று தெரிந்தே பார்த்தாள்.

"நீங்க கொடுத்து வச்சவங்க மிஸ். உங்க பக்கத்துலயே நின்னு என்னென்னமோ கேக்குது. உங்களுக்கு ஒண்ணும் புரியாததால அதால ஒண்ணும் பண்ண முடியல. உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு அதுக்கு இன்னும் சந்தேகமுங்க."

நாலு சொல் போதும். ஐ வில் நாட் கம், அபிநயா. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் குழாயடிச் சுவரில், சாயங்கால வெயிலில், யாழினியின் நிழலுக்கும் அபிநயாவின் நிழலுக்கும் நடுவில் சுவர் கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தது, அந்த ஈரம் ஆள் உயரத்துக்கு இருந்தது. யாழினி புன்னகைத்தாள். எல்லோருக்கும் கொடுக்கிற அதே அசட்டுப் புன்னகை. "வெரி குட், அபிநயா," என்றாள். அபிநயா, "தேங்க் யூ மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் அந்தப் பயம் அடுத்த வீட்டில் அலறும் ரேடியோ போல எங்கோ தள்ளியிருந்தது. தீனதயாளனிடம் போய்ப் பிள்ளைகள் எதையோ கண்டு பயப்படுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "மெதுவாப் பேசுங்கம்மா, நீங்க தமிழ் பேசறது யார் காதுலயாச்சும் விழுந்துரும். அத்தனையும் வயசுக்கு வந்த பிள்ளைங்க, ஊட்டு நெனப்புல கத கட்டுதுங்க," என்றார். பிறகு நன்னாரி சர்பத் வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்து படுத்தாள்.

படுத்தபடியே ஒரு வழி தோன்றியது. அபிநயாவுக்குத் தனியாகச் சொன்னால்தானே வம்பு? மறுநாள் பாடமாகவே நடத்திவிடலாம். இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பல நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்றை உணர்ந்தாள், அது இதுதான்.

மறுநாள் மதியம் மின்சாரம் போயிருந்தது. விசிறிகள் நின்று, சட்டைகள் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கை வைத்தால் சுட்டது. கோழிப்பண்ணை வாடை அறைக்குள் வந்து நின்றுவிட்டது. யாழினி பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள். பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்.

"ஐ வில் நாட் கம்."

"ஐ வில் நாட் கம்," என்றது வகுப்பு.

மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். அபிநயாவின் உதடு ஒவ்வொரு சொல்லையும் பத்திரமாக எடுத்து வைத்தது. நாலாவது முறை சொல்லும்போது அவள் சட்டென்று நிறுத்தினாள். பலகையைப் பார்த்தாள். யாழினியைப் பார்த்தாள். முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. அப்புறம் அது வடிந்தது.

வேண்டாம் என்பது போல மெல்லத் தலையாட்டினாள்.

அப்போதுதான் யாழினிக்கும் உறைத்தது. புரியாத ஒருத்தி இந்த வாக்கியத்தை எப்படித் தேர்ந்தெடுத்தாள்?

இவ்வளவு நாளும் தோளுக்கு மேலே இருந்த அத்தனை கண்களும் கீழே இறங்கின. அவள் காதுக்கு வந்தன. அங்கேயே நின்றன.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமுங்களா, மிஸ்?"

உஷாராணியின் குரல். காதுமடலில் ஈரம் பட்டது.

யாழினி சாக்பீஸை எடுத்தாள். அடுத்த வாக்கியம் எழுத வேண்டும். எந்த வாக்கியமும் வரவில்லை.

"தெரியுமுங்களா?"

முகம் மாறக்கூடாது. மாறவில்லை. கட்டிவைத்த முகம் கட்டியபடியே இருந்தது.

"சரி," என்றது குரல்.

அது நகர்ந்தது. முன் பெஞ்சிலிருந்தவர்கள் வலப்பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த பெஞ்சு. அதற்கடுத்தது. ஒரு பெண்ணின் பின்னல் தானாக விலகி விழுந்தது. அபிநயாவிடம் போய் நின்றது.

"எங்கூட வாரியா சாமி?"

அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள். "ஐ வில் நாட் கம்."

எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது.

"ஐ வில் நாட் கம்," என்றது உஷாராணியின் குரல்.

தப்பில்லாமல் சொன்னது. அத்தனை முறை சொல்லிக்கொடுத்திருந்தாள் யாழினி. அதுவும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அபிநயாவிடம் வேறு வாக்கியம் இல்லை. கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. உதடு பிரிந்தது. அழப்போகிற பிள்ளையின் உதடு. அதிலிருந்து வரப்போவது தமிழ்தான். அம்மா என்று வரும். வேறென்ன வரும்?

யாழினிக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை நாளைக்குப் பிறகு.

"தெரியும்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்குத் தமிழ் தெரியும். அந்தப் புள்ளய விடு. இங்க வா."

மின்சாரம் வந்தது. விசிறிகள் சுற்றின. அபிநயா பெஞ்சில் தலை கவிழ்ந்து அழுதாள், சத்தமாக, தன் சொந்தக் குரலில். அந்த அழுகையைக் கேட்க யாழினிக்கு அத்தனை நன்றாக இருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் ஓடினார்கள். யாழினிக்கு ஒன்றும் ஆகவில்லை. முத்தாயம்மாள் டீ வேண்டுமா என்று கரண்டியை ஆட்டிக் கேட்டபோது, வேண்டாம் என்று சிரித்தபடி வாய் திறந்தாள். அப்போதுதான் தெரிந்தது.

காலையில் தீனதயாளன் அவள் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். "உங்களுக்குமா? வெயிலுதாம்மா. உப்புத் தண்ணி கொப்புளிங்க. இன்னிக்குப் பேச வேண்டாம், போர்டுல எழுதிப்போட்டு எழுத்து வேலையாக் குடுத்துருங்க," என்றார். அவள் தாளில் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்து, இன்றைக்குச் சாயங்காலம் ராசிபுரத்துக்கு வண்டி சொல்கிறேன், சொந்தக்காரர் வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றார்.

அவருக்குப் புரியாவிட்டால் போகட்டும், பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும். தமிழில் எழுதிவிடலாம், இனி மறைக்க என்ன இருக்கிறது. என் குரலில் எது கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அவ்வளவுதான் விஷயம். யாழினி வேகமாக நடந்தாள். அவள் உள்ளே வந்தபோது பிள்ளைகள் அவளை நேராக, கண்ணுக்குக் கண் பார்த்தார்கள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. அவள் பின்னால் இப்போது யாரும் நிற்கவில்லை போலிருக்கிறது. சில பேர் சிரித்தார்கள். அபிநயா முன் பெஞ்சுக்கு மாறியிருந்தாள், தலை நிறையக் கனகாம்பரம்.

யாழினி அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பலகைப் பக்கம் திரும்பினாள். சாக்பீஸை வைத்து, 'என்' என்று எழுதினாள்.

"குட் மார்னிங், சில்ட்ரன்."

பலகைக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல். மெல்போர்னில் படித்த அதே ஆங்கிலம், ஒரு எழுத்து பிசகாமல்.

சாக்பீஸ் உடைந்தது. அவள் வேண்டாம் என்று கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"ஆர் யூ ஆல் ஹேப்பி டுடே?"

பெஞ்சுகள் பின்னால் நகரும் சத்தம். எல்லோரும் எழுந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

"வில் யூ கம் வித் மீ?"

"யெஸ், மிஸ்," என்றார்கள் ஒரே குரலில். அபிநயாவின் குரல்தான் முதலில் வந்தது, தெளிவாக, பெருமையாக.

யாழினி திரும்பினாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாய்கள் அசைந்தன. சத்தமில்லை. ஒவ்வொருவராகக் கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனார்கள். அபிநயா அவளைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

சுவருக்குள், கரும்பலகைக்குப் பின்னால், வகுப்பு முழுவதும் சந்தோஷமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தீனதயாளன் கதவருகே நின்று, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார்.